பிரேக் மிதிக்கும் கால்

மாவுக்கட்டு பிரித்த காலை முதல் தடவை பார்க்கிறவர்கள் கொஞ்சம் மிரண்டுதான் போவார்கள். தோல் சாம்பல் பூத்துச் செதில் செதிலாக உரியும். கெண்டைச் சதை வற்றிப்போய், பக்கத்துக் காலோடு சேர்த்து வைத்தால் வேறு யாருடைய காலோ போலத் தெரியும். அந்த ஜீப் டிரைவர் தன் காலைப் பார்க்கவே இல்லை. என் அறை பெஞ்சில் காலை நீட்டி உட்கார்ந்து, ஜன்னலுக்கு வெளியே எங்கள் ஆஸ்பத்திரி வண்டியை ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்த ஆளையே கவனித்துக்கொண்டிருந்தார். வண்டி சுவரை ஒட்டி வந்தபோது அவருடைய வலது தொடை லேசாகத் துடித்தது. கணுக்கால் அசையவில்லை.

நான் பிசியோதெரபிஸ்ட். பிறந்தது கலசப்பாக்கம் பக்கம்; கல்யாணமாகி வந்த ஊர் ஒடுகத்தூர். வாரத்தில் பாதி நாள் அடிவாரத்து ஆஸ்பத்திரியில் வேலை, மீதி நாள் மலை மேலிருக்கும் சுகாதார நிலையத்தில். மேலே எனக்குக் கொடுத்திருந்த அறை முன்பு பிளீச்சிங் பவுடர் மூட்டை அடுக்கி வைத்திருந்த இடம். எவ்வளவு கழுவினாலும் மழைக்காலத்தில் அந்த நெடி வரும். ஒரு பெஞ்ச், பிடித்து நடக்க இரண்டு இரும்புக் குழாய், ஒரு மெழுகு உருக்கும் பாத்திரம், கண்ணாடி ஒன்று. இவ்வளவுதான் சாமான். வருகிறவர்களில் பாதிப் பேருக்கு முழங்கால். அடுத்தபடியாகப் பாதமும் கணுக்காலும்.

டிரைவருக்கு ஐம்பதை ஒட்டிய வயது. ஒடுகத்தூரிலிருந்து மேலே ஷேர் ஜீப் ஓட்டுகிறவர், சொந்த வண்டி. மலை மேல் ஊரில் கொஞ்சம் நிலமும் உண்டு. சாமை போடுவார்கள், புளியமரம் இருந்தது. மழை நாளில் ஏற்றத்தில் வண்டியை நிறுத்தி, பின் சக்கரத்துக்குக் கல் கொடுக்க இறங்கியிருக்கிறார். தினமும் செய்கிற வேலை. ரோட்டோரச் சேற்றில் வலது கால் வழுக்கி இரண்டு பாறைக்கு நடுவே மாட்டிக்கொண்டது. உடம்பு ஒரு பக்கம் சாய, கால் அங்கேயே நின்றுவிட்டது. கணுக்காலின் இரண்டு பக்க எலும்பும் உடைந்திருந்தன. வேலூரில் ஆபரேஷன் செய்து பிளேட் வைத்து, மாவுக்கட்டும் போட்டு அனுப்பினார்கள். கட்டு பிரித்த கையோடு என்னிடம் வந்திருந்தார். மனைவி கூட வந்திருந்தார். அவர் உள்ளே வரவில்லை, வாசற்படியில் கதவு நிலையில் சாய்ந்து நின்றார்.

நான் காலைத் தொட்டுப் பார்த்தேன். பாதத்தை முகத்தை நோக்கி மடக்கச் சொன்னேன். கட்டைவிரல் மட்டும் நிமிர்ந்தது. கணுக்கால் ஒட்டவைத்தது போல இருந்தது. கட்டுப் போட்டிருந்த காலுக்கு இது சகஜம்தான், நாளாக நாளாக விடும், கண்டிப்பாக நடப்பீர்கள் என்று எல்லோரிடமும் சொல்வதைச் சொன்னேன்.

"நடக்கறது கெடக்கட்டும் மேடம்," என்றார். "பிரேக்க மிதிக்க முடியுமா?"

வாசற்படியிலிருந்து மனைவி சொன்னார்: "மொதல்ல குந்த முடியுமான்னு கேளு."

எங்கள் பக்கத்தில் குந்துவது என்றால் வெறுமனே உட்காருவதும்தான், குத்துக்காலிடுவதும்தான். அந்தம்மா கேட்டது இரண்டாவதை. வீட்டில் இருப்பது தரையோடு பதித்த கக்கூஸ். இவருக்காக ஒரு பிளாஸ்டிக் நாற்காலியின் நடுவில் அந்தம்மா கத்தியைச் சுடவைத்து ஓட்டை போட்டிருந்தார். தூக்கிக்கொண்டு போய்ப் போடுவது, இவர் எழுந்த பிறகு கழுவி வைப்பது எல்லாம் அவர்தான். அதைச் சொன்னபோது டிரைவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். களை எடுக்கக் குந்த வேண்டும், வண்டிக்கு அடியில் எட்டிப் பார்க்கக் குந்த வேண்டும், ஊர்க் கூட்டத்தில் நாலு பேரோடு பேசக் குந்த வேண்டும் என்று அந்தம்மா சொல்லிக்கொண்டே போனார்.

இரண்டுக்கும் தேவை ஒன்றேதான் என்று விளக்கினேன். குதிகால் தரையை விட்டு எழும்பாமல் முழங்கால் முன்னால் போக வேண்டும். கணுக்கால் அந்தப் பக்கம் மடங்கினால் குந்தவும் முடியும், குதிகாலை ஊன்றிக்கொண்டு பாதத்தை ஆக்ஸிலேட்டரிலிருந்து தூக்கி பிரேக்கில் வைக்கவும் முடியும். அவர் கவனமாகக் கேட்டார். பிறகு, எப்போது என்று கேட்டார். உங்கள் காலைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். இப்படி ஒரு பதிலை நான் நிறையப் பேருக்குச் சொல்லியிருக்கிறேன். யாருக்கும் பிடித்ததில்லை.

பயிற்சி தொடங்கியது. மெழுகு ஊற்றிச் சூடு கொடுப்பேன். பிறகு பாதத்தை என் உள்ளங்கையில் ஏந்தி மெல்ல மேலே தள்ளுவேன். வலிக்கும். சிலர் கத்துவார்கள், சிலர் என் கையைத் தட்டிவிடுவார்கள். இவர் பெஞ்சின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டு, மேலே ரோடு போடுகிறவர்கள் ஜல்லி கொட்டிவிட்டுப் போனதைப் பற்றிப் பேசுவார். வலி கூடக் கூட அந்த ரோடு கான்ட்ராக்டர் மேல் கோபமும் கூடும். அதை வைத்தே எங்கே நிறுத்துவது என்று எனக்குத் தெரியும்.

வீட்டில் செய்யச் சில பயிற்சிகள் சொல்லிக் கொடுத்தேன். துண்டைப் பாதத்தில் மாட்டி இழுப்பது, சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குவது, தரையில் கொட்டிய புளியங்கொட்டையைக் கால் விரலால் பொறுக்கிக் கிண்ணத்தில் போடுவது. கட்டைவிரலைப் பேனாவாக நினைத்து அந்தரத்தில் அ, ஆ, இ எழுதச் சொன்னபோது முகம் மாறிவிட்டது.

"எழுத்தப் போய் காலால எழுதறதாங்க?"

எனக்கு அது தோன்றியதே இல்லை. அதுவரை எத்தனையோ பேர் மறுபேச்சில்லாமல் எழுதியிருக்கிறார்கள். இவர் மாட்டேன் என்றார். சரி, கால் எல்லாப் பக்கமும் சுற்ற வேண்டும், அவ்வளவுதான், எப்படியாவது சுற்றுங்கள் என்றேன். யோசித்துவிட்டு, மேலே வருகிற ரோட்டின் வளைவுகளைக் காலால் போட்டுக் காட்டினார். முதல் இரண்டு வளைவு வந்தது. அதற்குமேல் கால் திரும்பவில்லை.

பயிற்சியைச் சிலர் செய்யாமல் வந்து செய்தேன் என்பார்கள். இவர் அந்த ரகமில்லை. செய்ய வேண்டியதற்கு மேலேயும் செய்கிற ஆள். அதனால் வீங்கும். குறைத்துக்கொள்ளச் சொன்னேன். சாயந்தரத்தில் காலைத் தலையணை மேல் தூக்கி வைத்துப் படுக்கச் சொன்னேன். மனைவி தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். கொஞ்ச நாள் வீக்கம் வடிந்தது. கணுக்காலும் ஓரளவு விட ஆரம்பித்தது. கைத்தடியோடு நடந்து வந்தவர் தடியை வாசலில் சாத்திவிட்டு உள்ளே வந்தார். பிறகு தடியே இல்லாமல் வந்தார்.

அதற்குப் பிறகுதான் வீக்கம் மறுபடி வந்தது. வெளிப்பக்கக் கணு மறைந்துபோய், தொட்டால் சூடாக இருந்தது. பயிற்சியைக் கூட்டினீர்களா என்று கேட்டேன், இல்லை என்றார். வயலுக்குப் போனீர்களா, இல்லை. வீக்கத்தை அழுத்திப் பார்ப்பதற்காகப் பாதத்தைத் துடைத்தபோது உள்ளங்காலில் கறுப்பாக வரி வரியாக ஒரு அச்சு தெரிந்தது. ஈரத்துணியால் தேய்த்தும் முழுவதும் போகவில்லை. பெடல் ரப்பரின் வரி. மலையில் பலர் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலோடுதான் வண்டி ஓட்டுவார்கள். இவரும் அப்படித்தான் போலிருக்கிறது. ஆனால் அச்சு விரல்களுக்குக் கீழே இருக்க வேண்டும். இவருக்கு அது பாதக் குழிக்கும் பின்னால், கிட்டத்தட்ட குதிகால் அருகில் இருந்தது. அதாவது பாதத்தை மடக்கி மிதிக்கவில்லை, தொடையிலிருந்து காலை மொத்தமாகத் தூக்கி, கட்டையைப் போல இறக்குகிறார்.

வண்டி ஓட்டுகிறீர்களா என்று நேராகவே கேட்டேன்.

"இல்லீங்க. நின்னா பேட்டரி எறங்கிடும்னு ஸ்டார்ட் பண்ணி வெக்கறதுதான்."

நான் அவர் மனைவியைப் பார்த்தேன். அவர் புடவைத் தலைப்பில் ஒட்டியிருந்த புல்லை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தார். ஸ்டார்ட் செய்வதற்கு பிரேக் தேவையில்லை என்பது எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். எலும்பு முழுதாகக் கூடிவிட்டதா என்று வேலூரில் படம் எடுத்துப் பார்க்கும் வரை ஓட்டக் கூடாது, அதுவும் ஆளை ஏற்றிக்கொண்டு கூடவே கூடாது என்றேன். சரிங்க என்றார். சீட்டிலும் அதை எழுதிக் கொடுத்தேன். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அதற்கடுத்த வாரம் எங்கள் ஆஸ்பத்திரி வண்டி மேலேயே ரிப்பேராகி நின்றுவிட்டது. மத்தியானப் பேருந்து போய்விட்டது, அடுத்தது எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல். ரோட்டோரம் வந்து ஷேர் ஜீப்புக்கு நின்றேன். வந்தது அவருடைய வண்டி. அவர்தான் ஓட்டி வந்தார்.

என்னைப் பார்த்ததும் வண்டியை நிறுத்தினார். கொஞ்சம் தள்ளிப் போய்த்தான் நின்றது. பின்னால் ஏழெட்டுப் பேர், புளி மூட்டைகள், ஒரு கைக்குழந்தை. முன்சீட்டில் அவர் மனைவி. அவர் இறங்கி எனக்கு இடம் கொடுத்துவிட்டுப் பின்னால் போய் ஏறிக்கொண்டார். ஏறி உட்கார்ந்தேன்.

இறக்கம் தொடங்கியது. நான் ரோட்டைப் பார்க்கவில்லை, அவர் காலைப் பார்த்துக்கொண்டு வந்தேன். நான் நினைத்தபடியேதான் இருந்தது. பழைய வண்டி, பிரேக் கல் மாதிரி. ஒவ்வொரு வளைவுக்கும் முழங்காலை ஸ்டியரிங் வரைக்கும் தூக்கி, பாதத்தை பெடல் மேல் போட்டு, இடுப்பையும் சேர்த்து அழுத்தினார். பெரும்பாலும் செகண்ட் கியரிலேயே வந்தார். அவசரமில்லாத வளைவுகளில் அது போதுமானதாக இருந்தது. பாதி தூரம் வந்திருப்போம். ஒரு திருப்பத்தில் ஆட்டு மந்தை ஒன்று ரோட்டை அடைத்துக்கொண்டு வந்தது. அவர் கால் எழுந்தது, பாதத்தின் ஓரம் பெடலில் பட்டு நழுவியது. மறுபடி தூக்கினார். அதற்குள் கை பிரேக்கை இழுத்துவிட்டிருந்தார். வண்டி உலுக்கிக்கொண்டு நின்றது. பம்பருக்கும் முதல் ஆட்டுக்கும் நடுவே ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு இடம் இருந்தது. ஆடு மேய்த்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் மந்தையை ஓட்டிக்கொண்டு போனார்.

வண்டியை ஓரங்கட்டச் சொன்னேன். ஓரங்கட்டினார். இறங்கச் சொன்னேன். இரண்டு பேரும் பாறை ஓரமாகப் போய் நின்றோம். என் குரல் சாதாரணமாக இருந்ததாகத்தான் நினைவு. பையை மார்போடு கட்டிக்கொண்டேன்.

"நழுவுச்சு, பாத்தீங்களா அண்ணா?"

"பாத்தேன்."

"இதுக்கு முன்னாடியும் நழுவியிருக்கா?"

அவர் திரும்பி வண்டியின் முன்சக்கரத்தைப் பார்த்தார். வண்டியிலிருந்து ஒரு பெண் தலையை நீட்டி, குழந்தையை மடியில் மாற்றிக்கொண்டே சொன்னார்: "அவரு காலு சரியில்லன்னு எங்களுக்குத் தெரியும்மா. மெதுவாப் போன்னு சொல்லித்தான் ஏர்றோம். கீழ எறங்கணுமே, இன்னா பண்றது?"

ஆக, வண்டியில் இருந்த எல்லோருக்கும் தெரிந்திருந்தது. தெரிந்தே ஏறியிருந்தார்கள். எனக்கும் தெரியும், நானும் ஏறியிருந்தேன். அந்தக் குழந்தைக்குத் தெரியாது என்று சொல்லத் தோன்றியது, சொல்லவில்லை. அங்கே நின்று வேறு வண்டிக்குக் காத்திருப்பது என்றால் இருட்டிவிடும். மீதி தூரத்தை முதல் கியரிலேயே, கை பிரேக்கில் கையை வைத்தபடியே ஓட்டுங்கள் என்றேன். அப்படியே ஓட்டினார். நடந்து போகிறவர்கள்கூட எங்களைத் தாண்டிப் போனார்கள்.

அடிவாரத்தில் எல்லோரும் இறங்கிய பிறகு அவரிடம் தெளிவாகச் சொன்னேன். இந்தக் காலோடு நீங்கள் ஆள் ஏற்றினால் நான் டாக்டரிடம் சொல்வேன், டாக்டர் போலீசில் சொல்வார். எனக்கு அதில் சந்தோஷமில்லை. வேறு யாரையாவது ஓட்டச் சொல்லுங்கள். காலை நான் பார்த்துக்கொள்கிறேன்.

"வேற யாரு கீறாங்க? வண்டி நின்னா வூடே நின்னுடும் மேடம்," என்றார்.

அப்போது அவர் மனைவி, "எந்தம்பி கீறான்," என்றார்.

டிரைவர் திரும்பிப் பார்த்தார். அந்தத் தம்பி நெல்லிவாசல்நாட்டுப் பக்கம், டிராக்டர் ஓட்டுகிறவர். ஏதோ ஒரு கல்யாணத்தில் இரண்டு பேருக்கும் வாய்த்தகராறாகி, அதிலிருந்து பேச்சு வார்த்தை இல்லை. அவன் கையில் என் வண்டியா என்று இவர் கேட்டார். அந்தம்மா போனை எடுத்து, எங்கள் இரண்டு பேருக்கும் முன்னாலேயே தம்பியைக் கூப்பிட்டார். நாளை விடிய வா, மாமனுக்குக் கால் ஆகிற வரைக்கும் வண்டியை நீதான் ஓட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டு வைத்தார். அவர் குரலை அவ்வளவு உரக்க நான் கேட்டது அன்றைக்குத்தான். டிரைவர் சாவியை விரலில் சுற்றிக்கொண்டே நின்றார். பிறகு சுற்றுவதை நிறுத்திவிட்டார்.

மச்சினர் வந்துவிட்டார். ஒல்லியான ஆள், அதிகம் பேசமாட்டார். அவர் வண்டியை ஓட்ட, இவர் பக்கத்தில் உட்கார்ந்து என்னிடம் வந்தார். அந்தச் சில வாரங்கள் இவர் என்னிடம் வேண்டிய அளவுக்கு மட்டுமே பேசினார். ரோடு கான்ட்ராக்டரைப் பற்றியெல்லாம் பேச்சு வரவில்லை. அதனால் வலி எங்கே தொடங்குகிறது என்று நான் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. பயிற்சியில் மட்டும் குறை வைக்கவில்லை. வீக்கம் வடிந்தது. சுவருக்கு எதிரே நின்று, குதிகாலைத் தூக்காமல் முழங்காலால் சுவரைத் தொடச் சொல்வேன். தொட்டுவிட்டால் பாதத்தைக் கொஞ்சம் பின்னால் தள்ளி வைப்பேன். முதலில் கட்டைவிரல் சுவரில் முட்டிக்கொண்டிருந்தால்தான் முழங்கால் தொட்டது. அப்புறம் ஒரு விரல் இடைவெளி, அப்புறம் இரண்டு விரல். ஒற்றைக் காலில் நிற்கப் பழக்கினேன். கண்ணை மூடிக்கொண்டு நிற்கச் சொன்னால் அந்தக் கணுக்கால் நடுங்கும், என் தோளைப் பிடித்துக்கொள்வார், உடனே கையை எடுத்துவிடுவார்.

வேலூரில் படம் எடுத்து எலும்பு கூடிவிட்டது என்று சொல்லி அனுப்பினார்கள். பிறகு பயிற்சியை அறைக்கு வெளியே கொண்டுபோனேன். சுகாதார நிலையத்து முற்றத்தில் ஜீப்பை நிறுத்தி, இன்ஜினை அணைத்து, அவரை டிரைவர் சீட்டில் உட்கார வைத்துப் பக்கத்தில் நான் உட்காருவேன். கால் ஆக்ஸிலேட்டரில் இருக்க வேண்டும். மழை வருமா, புளி நன்றாகக் காய்த்திருக்கிறதா என்று ஏதாவது கேட்டுக்கொண்டே திடீரென்று "பிரேக்" என்பேன். குதிகால் தரையிலேயே இருக்கிறதா, பாதம் பெடலின் நடுவில் விழுகிறதா என்று பார்ப்பேன். மருந்து வாங்க வந்தவர்களுக்கு இது நல்ல வேடிக்கை. நிற்கிற வண்டியை நிறுத்தச் சொல்லி மேடம் கத்துகிறார் என்று சிரித்தார்கள். மச்சினர் வேப்பமரத்தடியில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார். ஒருநாள் அவரே வந்து, பெடல் ரப்பர் தேய்ந்து வழவழவென்று இருக்கிறது, அதனாலும் நழுவும் என்று சொல்லிப் புது ரப்பர் மாட்டினார். டிரைவர் அதை ஒருமுறை மிதித்துப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் கீது," என்றார். இரண்டு பேரும் பேசி நான் கேட்டது அதுதான் முதல்.

பாதம் சரியாக விழ ஆரம்பித்தது. பத்தில் ஒன்று தவறும், பிறகு அதுவும் இல்லை. ஆனால் சுவர்ப் பயிற்சியில் முன்னேற்றம் நின்றுவிட்டது. மூன்று விரல் இடைவெளிக்கு மேல் போகவில்லை. நான் பிடித்து அழுத்தும்போது சதை இழுக்கிற மாதிரி இல்லாமல் எலும்பு எலும்போடு முட்டுகிற மாதிரி ஒரு தடை தெரிந்தது. இன்னும் சில வாரம் பார்த்தேன். வேலூரில் கேட்டதற்கு, இப்படிப்பட்ட முறிவில் இவ்வளவு வந்ததே நல்லது என்றார்கள். இனிமேல் சொல்லிவிட வேண்டியதுதான்.

இதை எப்படிச் சொல்வது என்று எங்கள் படிப்பில் கற்றுத்தருவதில்லை. அவரையும் மனைவியையும் உட்கார வைத்து, இதற்குமேல் மடங்காது என்றேன். வண்டி ஓட்டலாம். நடக்கலாம். பாரம் தூக்கி ஏறலாம், சாயந்தரம் வீங்கும். பழையபடி குதிகால் பட முழுக்கக் குந்த வராது. குதிகாலுக்கடியில் ஒரு சாய்வுக் கட்டை வைத்துக்கொண்டால் குந்தலாம்.

அவர் கொஞ்ச நேரம் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பார்த்தவரையில் அவர் அதை அவ்வளவு நேரம் பார்த்தது அன்றுதான்.

"கட்டைய எங்க போனாலும் எட்த்துக்கினு போவணுமா?" என்று கேட்டார்.

குதிகால் உயர்ந்த செருப்பு போட்டாலும் போதும் என்றேன். ஊர்க் கூட்டத்தில் செருப்போடு குந்துவதா என்றார். மனைவி, "அங்க நின்னுக்கினே பேசு. நீ பேசனா கேக்கத்தான போறாங்க," என்றார். டிரைவர் சிரிக்கவில்லை. எழுந்து, முற்றத்தில் போய் வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு வந்தார்.

முதலில் ஆளில்லாமல் ஓட்டிப் பார்த்தார். மச்சினர் பக்கத்தில் இருந்தார். பிறகு ஆள் ஏற்றினார். மச்சினர் உடனே ஊருக்குப் போய்விடவில்லை. மத்தியானத்துக்கு மேல் இவருக்குக் கால் வீங்கிவிடுவதால், காலை ஓட்டம் இவருக்கு, மத்தியான ஓட்டம் அவருக்கு என்று பிரித்துக்கொண்டதாகப் பின்னால் தெரிந்தது. டிரைவர் என்னிடம் வருவது மெல்லக் குறைந்தது, பிறகு நின்றது. பெரும்பாலும் இப்படித்தான். காலை முழுக்கச் சரியாக்கிக்கொண்டு விடைபெற்றுப் போகிறவர்கள் குறைவு. ஒருநாள் வரமாட்டார்கள், அடுத்த வாரமும் வரமாட்டார்கள், நாம் பதிவேட்டில் கணக்கை முடித்துவிட வேண்டும். அவர் பெயரையும் அப்படித்தான் முடித்தேன்.

சில மாதங்கள் கழித்து அவர் மனைவி மட்டும் என் அறைக்கு வந்தார். இந்த முறை வாசற்படியில் நிற்காமல் உள்ளே வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். கணவருக்கு என்ன என்று கேட்கப் போனேன், இடது காலை நீட்டினார்.

"காத்தால எழுந்து கால ஊனனா குதிகால்ல ஆணி அடிச்ச மாரி கீது மேடம். நாலு அடி வெச்சா வுட்டுடும். சாய்ந்தரம் மறுபடியும் புடிச்சிக்கும்."

எத்தனை நாளாக என்று கேட்டேன். அவருக்குக் கட்டுப் போட்டிருந்த காலத்திலிருந்தே என்றார். அந்த மழைக்கு வயல் வேலை முழுக்க இவருடையது. மூட்டை தூக்கியது, விறகு சுமந்தது, நாற்காலியைத் தூக்கிக்கொண்டு நடந்தது. அத்தனை நாள் என் அறை வாசலில் நின்றபோதும் வலித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது. ஒரு காலில் பாரத்தைப் போட்டு நிலையில் சாய்ந்து நிற்பது அவர் பழக்கம் என்று நான் நினைத்திருந்தேன்.

குதிகாலின் உள்பக்க ஓரத்தில் அழுத்தியதும் காலை இழுத்துக்கொண்டார். பாதத்தின் அடியில் குதிகாலிலிருந்து விரல் வரை ஒரு தடித்த சவ்வு ஓடுகிறது, அது குதிகாலில் ஒட்டும் இடத்தில் நொந்துபோயிருக்கிறது என்று சொன்னேன். வெறுங்காலோடு நடக்க வேண்டாம், மெத்தென்ற எம்சிஆர் செருப்பு வாங்கி வீட்டுக்குள்ளும் போட்டுக்கொள்ளுங்கள் என்றேன். வீட்டுக்குள் செருப்பா என்று அவர் கேட்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் கேட்டது வேறு: "களை வெட்டும்போது?" களை வெட்டும்போதும் போடலாம், சேறாக இருந்தால் கஷ்டம் என்றேன். தண்ணீர் பாட்டிலைப் பாதத்துக்கடியில் உருட்டச் சொன்னேன். படுக்கையை விட்டு எழும்புவதற்கு முன்பே விரல்களைக் கையால் மேலே இழுத்துப் பிடித்து, சவ்வை நீட்டிவிட்டு அப்புறம் கால் ஊன்றச் சொன்னேன். கூடிய மட்டும் குறைவாக நடக்கச் சொன்னேன். கடைசியாகச் சொன்னதைக் கேட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார்.

அவரைக் கொண்டுவந்து விட்டது டிரைவர்தான். வாசலில் வண்டி நின்றுகொண்டிருந்தது, உள்ளே ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் ஹாரன் அடித்தார். நான் சீக்கிரம் முடிக்கட்டுமா என்று கேட்டேன்.

"அவரு அட்ச்சிக்கினே இருப்பாரு. நீங்க அந்த பாட்டிலு உருட்டறத இன்னொரு வாட்டி காட்டுங்க," என்றார்.

காட்டினேன். நிதானமாகச் செய்து பார்த்தார். ஹாரன் இன்னொரு முறை கேட்டது. முடித்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, அந்தக் காலில் அழுத்தம் கொடுக்காமல் வண்டிக்குப் போய் முன்சீட்டில் ஏறினார்.

அந்தக் குதிகால் வலி கணவருடைய முறிவை விட அதிக நாள் இழுத்தது. சாமைக்குக் களை எடுக்கிற சமயத்தில் கூடும், வேலை இல்லாத மாதத்தில் குறையும், புளி உலுக்கும்போது மறுபடி வரும். செருப்பு வாங்கியிருந்தார். வீட்டுக்குள் போடுகிறாரா என்று கேட்டேன். அடுப்பங்கரையில் மட்டும் போடுவதில்லை, மற்ற இடத்தில் போடுகிறேன் என்றார். கடைசியாகப் பார்த்தபோது காலை வலி பாதியாகக் குறைந்திருப்பதாகச் சொன்னார். பாதி என்பதை நான் அப்படியே பதிந்துகொண்டேன். அதற்குப் பிறகு எனக்கு அடிவாரத்திலேயே முழு நேர வேலையாகிவிட்டது. மலைக்கு இப்போது வேறு ஒருவர் போகிறார்.